ஊட்டி சீசன்: யார் குறித்த நாள்?

"கேரவன் எடுத்துக்கிட்டு ஃபேமிலியோட ஊட்டிப் பக்கம் போலாம்னு இருக்கோம். எந்த மாசம் நல்லது?"

எங்கள் விவேக் நகர்ப் பக்கம் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. படுக்கை, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டிகள் பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கின்றன. முட்டிவலி அம்மாவுக்கு நடுவழியில் பாத்ரூம் தேட வேண்டாம், குழந்தைக்கு நேரத்துக்குப் பால் காய்ச்சலாம், ஹோட்டல் ரூம் தேடி அலைய வேண்டாம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. (இங்கே உள்ள சந்துகளில் அந்த வண்டி திரும்புமா என்பது வேறு விஷயம். வியாழக்கிழமை சாயந்திரம் குழந்தை இயேசு கோயில் கூட்டத்துக்குள் மட்டும் கொண்டு வந்துவிடாதீர்கள், வெள்ளிக்கிழமைதான் வெளியே எடுக்க முடியும்.)

இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். உள்ளூர்க்காரர் "மே மாசம்தான் சீசன்" என்பார். நியூஜெர்சியிலிருந்து வருகிற மச்சான் "ஜூலை, ஆகஸ்ட்லதான் பசங்களுக்கு லீவு, சம்மர்லதானே மலைக்குப் போகணும்" என்பார். இன்னொருவர் தசரா லீவு என்பார். கவனித்துப் பார்த்தால் எல்லோருமே தங்களுக்கு எப்போது லீவு என்பதைத்தான் சொல்கிறார்கள். மலையை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. "சீசன்" என்ற சொல் நம் வாய்க்குள் எப்படி வந்தது என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக் கொண்டிருந்தேன். சுவாரசியமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

முதலில் வண்டி. வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என்னவோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. அதில் உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், போகிற வண்டி ஒன்றின் வர்ணனை வருகிறது. மேலே கூரை வேய்ந்திருக்கிறது, பார்த்தால் காவல் குடிசை போல இருக்கிறது. வண்டியிலேயே கோழி அடைய ஒரு கூடு. ஒரு சின்ன உரல் கட்டித் தொங்குகிறது. காடி வைத்த பானையைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். இதை மோட்டார்ஹோம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? மோட்டார் ஒன்றுதான் இல்லை. கிச்சன் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, முட்டைக்கும் ஏற்பாடு இருக்கிறது!

ஸ்டெப்னி கூட இருந்தது. புறநானூற்றில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது உமணர் வண்டியின் அடியில் கட்டி வைத்திருக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். பாரம் ஏற்றி மேடு பள்ளம் கடக்கிறவன் அச்சு முறியும் என்று எதிர்பார்த்தே கிளம்புகிறான். (நாம் ஸ்டெப்னி என்று சொல்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்த பெயர். டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். இங்கிலாந்துக்காரர்களே மறந்த பெயரை நம்மூர் மெக்கானிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.)

உமணர்களைப் பற்றி இவ்வளவு சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் ஏற்றிக்கொண்டு போனது உப்பு. வெயிலில் விளையும், மழையில் கரையும். அப்படிப்பட்ட சரக்கை மாட்டு வண்டியில் மலை கடத்துகிறவனுக்கு வானத்தைப் பார்க்காமல் பிழைப்பே இல்லை. லீவு பார்த்துக் கிளம்புகிற வசதி அவனுக்குக் கிடையாது.

ஐரோப்பாவில் இன்பச் சுற்றுலாவுக்கென்றே வீட்டு வண்டி செய்து கொண்டவர்களில் முன்னோடி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் டாக்டராக இருந்தவர், பிறகு சிறுவர்களுக்குக் கதை எழுதினார். 1885-ல் 'வாண்டரர்' என்று பெயர் வைத்து ஒரு குதிரை வண்டி செய்ய வைத்தார். பதினெட்டு அடி நீளம், எடை இரண்டு டன் அளவில். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டில் இன்வர்னெஸ் வரை அதிலேயே போனார். வேலைக்காரர் ஒருவர் டிரைசைக்கிளில் முன்னால் போய், எதிரே வண்டி வருகிறதா, ஏற்றம் எப்படி என்று பார்த்துச் சொல்வார். நம்மூர் லாரி கிளீனர் செய்கிற அதே வேலை!

அவர் போனது கோடையில். அங்கே அதுதான் சரி. ஸ்காட்லாந்தோ ஆல்ப்ஸோ, குளிர்காலத்தில் மலைவழி பனியால் அடைபடும், பகலும் குறுகிவிடும். கோடையில் பகல் நீளம், சாலை திறந்திருக்கும். அதனால் "மலைக்குப் போவது கோடையில்" என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். நம் இமயமலைக்கும் ஓரளவு இது பொருந்தும், லடாக்கெல்லாம் கோடைதான். ஆனால் நீலகிரியில் பாதையை அடைப்பது பனியா? இங்கே வழியை மறிப்பது மழையும் அது இளக்கிவிடும் மண்ணும். அந்தக் காலண்டரை அப்படியே கொண்டு வந்து இங்கே மாட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் மச்சான் ஜூலையில் செய்யப் பார்க்கிறார்.

சரி, மே மாதத்துக்கு வருவோம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதன்முதலாக நீலகிரி ஏறியது 1819 ஜனவரியில். முந்தைய ஆண்டு அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மேலே போய்விட்டு வந்து சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் கிளம்பினார். இரண்டு மழையும் ஓய்ந்து, காடு காய்ந்து, காட்டாறுகள் இறங்கியிருக்கும் மாதம் ஜனவரி. ரோடே இல்லாத மலையில் ஏறுகிறவன் தேர்ந்தெடுக்கக்கூடிய மாதம் அது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் இறங்கினார், அங்கே கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. பிறகு 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை போட்டார்கள். 1830-களில் குன்னூர் வழியும் வந்தது.

அதுவரை "சீசன்" என்று ஒன்று இல்லை. அதைக் கொண்டு வந்தது சென்னையின் வெயில். கல்கத்தா சர்க்கார் 1864-ல் சிம்லாவைக் கோடைத் தலைநகரம் ஆக்கியது. சென்னை மாகாண அரசும் 1870-களில் அதே வழியில் ஆண்டுதோறும் ஊட்டிக்கு இடம்பெயர ஆரம்பித்தது. கவர்னர் போனால் அவர் மட்டுமா போவார்? கோப்புகள், குமாஸ்தாக்கள், டபேதார்கள் எல்லோரும் மாதக் கணக்கில் மேலே. 1873-ல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது, அதற்கு மேல் டோங்கா வண்டியும் மாட்டு வண்டியும். 1899-ல்தான் குன்னூருக்கு மலை ரயில் ஏறியது, ஊட்டிக்கு 1908-ல். மக்கள் கீழே வெயிலில் காய, அரசாங்கம் மேலே போய் உட்கார்ந்து கொள்கிறது என்று அந்தக் காலப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. சர்க்கார் கேட்கவில்லை. அந்தக் குமாஸ்தாக்களை நினைத்தால் எனக்கு ஒரு பாசம் வருகிறது. குடும்பத்தை மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ விட்டுவிட்டுக் குளிரில் கம்பளிக்குள் ஆணி பிடுங்கியவர்கள் எத்தனை பேரோ. புலம்பெயர்ந்து பிழைப்பது நம்மோடு ஆரம்பித்ததல்ல.

1896-ல் ஊட்டியில் மலர்க் கண்காட்சி தொடங்கியது. அது மே மாதத்தோடு ஒட்டிக் கொண்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் ஒன்றாகச் சேர்ந்து கவர்னரின் காலண்டரை நம் வீட்டுக் காலண்டர் ஆக்கிவிட்டன. ஏப்ரல் மே என்பது ஊட்டியின் சிறந்த மாதம் என்று ஊட்டி சொல்லவில்லை. சென்னையின் மோசமான மாதம் என்று சென்னை சொன்னது. பெங்களூரில் உட்கார்ந்து கொண்டு நாம் ஏன் இன்னும் அந்த ஃபைலைத் தூக்கிக் கொண்டு அலைய வேண்டும்?

இதற்கு நடுவில் பெங்களூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. ரொனால்ட் ராஸ். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று நிரூபித்து 1902-ல் நோபல் வாங்கியவர். 1895-ல் காலரா வேலைக்காக அவரைப் பெங்களூருக்கு அனுப்பியிருந்தார்கள். 1897 ஏப்ரலில் விடுப்பு எடுத்துக் கொண்டு ஊட்டிக்குப் போனார். சும்மா இருக்கிற ஆள் இல்லையே, சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியா நிறைய என்று கேள்விப்பட்டு ஆராய இறங்கினார். மைசூர், குண்டல்பேட்டை வழியாக வருகிறவர்கள் மசினகுடியைத் தாண்டி ஏறுகிற அதே பாதை, இன்று கல்லட்டி என்கிறோம். அங்கே தங்கியவருக்கு அங்கேயே காய்ச்சல் கண்டது. மலேரியா நிபுணருக்கே மலேரியா! தேறி எழுந்து செகந்திராபாத் போய் அந்த ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் மலையடிவாரக் காடுகளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்றுதான்: பகலில் கடந்துவிடு, அடிவாரத்தில் படுக்காதே. முதுமலை, சீகூர், வயநாட்டுக் காடு எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. காரணம் கொசு என்று தெரியாமல் "காட்டுக் காற்று" என்றார்கள், ஆனால் விதி சரியாக இருந்தது. இப்போது அங்கே மலேரியா பயம் பெரிதாக இல்லை. ஆனால் விதி வேறு ரூபத்தில் திரும்பி வந்துவிட்டது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. காட்டுக்குள் பலவித மிருகங்கள் வண்டிகளில் அடிபட்டுச் செத்ததால் வந்த தடை. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை உண்டு. "எங்கே இருட்டுகிறதோ அங்கே ஓரம் கட்டிப் படுத்துக்கலாம்" என்பதுதானே மோட்டார்ஹோமின் முழு கவர்ச்சி? நம் மலைக்குப் போகிற எல்லா வழியும் காடு. காட்டுக்குள் ஓரம் கட்ட முடியாது. வண்டியில் வீடே இருந்தாலும் எங்கே படுப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

இனி மழை. இதுதான் முக்கியம், இங்கேதான் உயிர் போகிறது.

நீலகிரிக்கு ஒரு மழைக்காலம் இல்லை, இரண்டு. இரண்டும் வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து அடிக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. அது அரபிக்கடலிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்கு முகத்தில் கொட்டும். தொட்டபெட்டா தொடர் நடுவே சுவராக நிற்பதால் கோத்தகிரிப் பக்கம் அப்போது ஒப்பிட்டால் சாந்தமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இப்போது ஆட்டம் தலைகீழ். வங்காள விரிகுடாவிலிருந்து வருகிற மழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி, மேட்டுப்பாளையம் சாலை என்று கிழக்கு முகத்தைப் பிடித்துக் கொள்ளும். கூடலூர்ப் பக்கம் அடி குறையும்.

கணக்கு வேண்டுமா? 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த ஒரு நாளில் கேத்தியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சென்னை மாநகரம் ஒரு வருடத்தில் பார்க்கும் மழையில் பாதிக்கும் மேல் ஒரே நாளில். குன்னூர், கேத்தி, அச்சனக்கல் பக்கம் மலை பல இடங்களில் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலை ரயில் பாதை சிதைந்து மாதக் கணக்கில் ரயில் இல்லை. பத்து வருடம் கழித்து 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதே போல ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஒரே மலை, ஒரே மாதிரி அடி, ஆனால் மூன்று மாத இடைவெளி உள்ள இரண்டு பருவம், இரண்டு முகம். இதைப் புரிந்து கொண்டால் "எந்த மாசம்" என்ற கேள்வியே பாதிக் கேள்வி என்று தெரிந்துவிடும். "எந்தப் பக்கமா?" என்பதுதான் மீதிப் பாதி.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 1993 நவம்பரில் குன்னூர் மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை சரிந்து சாலையையும் ரயில் பாதையையும் அடித்துக் கொண்டு போனது, உயிர்களையும்தான். 2018 ஆகஸ்டில் குடகு. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. தூங்கிக் கொண்டிருந்த நூற்றுக்கணக்கானோர் அப்படியே போனார்கள். கூடலூர்க்காரர்களுக்கு அது பக்கத்து வீடு. இவற்றில் மேற்கு முகத்தில் நடந்தவை ஜூலை ஆகஸ்ட், கிழக்கு முகத்தில் நடந்தவை நவம்பர். வரலாறு இவ்வளவு ஒழுங்காகப் பாடம் சொல்வது அபூர்வம்.

இந்த விஷயம் மலையிலேயே இருக்கிறவர்களுக்கு எப்போதோ தெரியும். தோடர்கள் தங்கள் எருமைகளை ஓட்டிக் கொண்டு மேற்கே குந்தா பக்கத்துப் புல்வெளிகளுக்குப் போவது வறட்சி மாதங்களில், டிசம்பர் ஜனவரி தொடங்கி. மற்ற இடங்களில் புல் காய்ந்து போன பிறகும் அங்கே பச்சை இருக்கும். தென்மேற்கு மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் மழையில் அந்த இடம் மனிதன் இருக்கக்கூடியதல்ல. அவர்களுடைய காலண்டரில் மாதமும் திசையும் சேர்ந்தே இருந்தன.

நம் இலக்கணம் என்ன சொல்கிறது? தொல்காப்பியத்தில் குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். கூதிர் என்றால் ஐப்பசி கார்த்திகை, முன்பனி மார்கழி தை. வேனிலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக, மே மாத ஊட்டிக்குத் தொல்காப்பியர் ஒப்புதல் கிடையாது! ஆனால் அதை அப்படியே பின்பற்றவும் முடியாது. கூதிர் என்பது குன்னூர்ச் சரிவில் மண் சரிகிற அதே ஐப்பசி கார்த்திகை. அது காதலன் இருட்டில் மழையில் மலைவழி வருகிற ஆபத்தைச் சொல்லத் தோதான பொழுது, பாட்டிக்கு மாத்திரை டப்பாவோடு போகிற பொழுது அல்ல. மிச்சம் இருப்பது முன்பனி. அதில் எனக்குச் சம்மதம்.

கோயில் காலண்டர்களும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன. சபரிமலையின் பெரிய கூட்டம் தென்மேற்கு மழை ஓய்ந்த பிறகு கார்த்திகையில் தொடங்கி மகரவிளக்கில் முடிகிறது. பழனிக்குப் பாதயாத்திரை தைப்பூசத்துக்கு. கோவை வெள்ளியங்கிரி ஏறுவது பிப்ரவரி முதல் மே வரை. வண்டியும் ரோடும் இல்லாமல் நடந்தே போனவர்கள் வகுத்த நாள்கள் இவை.

ஆகவே பெங்களூரிலிருந்து கிளம்புகிற நம் குடும்பங்களுக்கு என் யோசனை: பொங்கல் கழிந்து பிப்ரவரி முடிய. விவேக் நகர்க்காரர்களுக்கு ஜனவரி 14 குழந்தை இயேசு திருவிழா, பொங்கல் எல்லாம் ஒன்றாக வந்து போய்விடும், அதற்கு முன் இங்கிருந்து யாரும் நகர மாட்டார்கள். அதன் பிறகு இரண்டு மழையும் இல்லை, மண் இறுகியிருக்கும், இரண்டு முகமும் திறந்திருக்கும். மைசூர் வழியாகப் போய் குன்னூர் வழியாக இறங்கலாம். குறை இல்லாமல் இல்லை. ஜனவரியில் தலைகுந்தா பக்கமெல்லாம் புல்லில் உறைபனி படியும். வண்டியின் சுவர் தகரமும் பிளைவுட்டும்தான், நம் வீட்டுச் சுவர் இல்லை. தயவுசெய்து குளிருக்காக அடுப்பையோ கரிச்சட்டியையோ மூடிய வண்டிக்குள் எரிய விட்டுத் தூங்காதீர்கள். மலைவாசஸ்தலங்களில் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் அடிக்கடி வருகின்றன. கூடுதலாக இரண்டு ரஜாய் எடுத்துக் கொள்வது எவ்வளவோ மேல். பிப்ரவரி கடைசியிலிருந்து பந்திப்பூர்க் காடு காய்ந்து தீப்பிடிக்கிற காலம், 2019 பிப்ரவரியில் பெரிய தீயே வந்தது. அதனால் மார்ச்சுக்குத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றால், குடியரசு தினத்தை ஒட்டி இரண்டு நாள் லீவு போட வேண்டியதுதான். இரண்டு நாள் கணக்குப் பாடம் போனால் ஐஐடி கைநழுவிப் போய்விடாது :-)

தசரா லீவில்தான் போக முடியும் என்பவர்கள் மைசூர், கூடலூர் வழியாகவே ஏறி அதே வழியில் இறங்குங்கள். கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டிக்குப் போகும் ரோடு பெரிய வண்டிக்கு ஏற்றது. மசினகுடி கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்து, விபத்துகளுக்குப் பேர் போனது, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. கேரவனை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம். அக்டோபர் பாதிக்கு மேல் குன்னூர்ப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

மே மாதம்தான் என்று அடம் பிடித்தால், மலையைவிடக் கூட்டம்தான் பிரச்சினை. கூட்டத்தைத் தாங்க முடியாமல் உயர்நீதிமன்ற உத்தரவில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்தார்கள். கவர்னர் தொடங்கி வைத்த சீசன் கடைசியில் டோக்கன் போட்டு அனுப்புகிற இடத்துக்கு வந்து நிற்கிறது. ஏற்றத்தில் ஏசி போட்டுக் கொண்டு ஊர்ந்து போகிற கனமான வண்டி எஞ்சின் சூடாகி நிற்பதும் இந்த மாதத்தில்தான்.

கடைசியாக நம் நியூஜெர்சி மச்சான். அவருக்கு ஜூலையை விட்டால் வேறு மாதம் இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறார், குழந்தைகளுக்கு மலை காட்ட ஆசைப்படுகிறார். வராதே என்று எப்படிச் சொல்வது? அவருக்கும் வழி இருக்கிறது, பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். குடகு, சிக்மகளூர், வயநாடு, கூடலூர் நான்கையும் அந்த இரண்டு மாதம் அடித்துவிடுங்கள். ஓசூர், சேலம், அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் போய் இரவு அங்கேயே ஒரு லாட்ஜ் வளாகத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு கோத்தகிரி ஏறுங்கள். சல்லிவன் இறங்கிய அதே இடம், தொட்டபெட்டாவின் முதுகுக்கு இந்தப் பக்கம். தூறல் இருக்கும், வானம் பிளந்து கொட்டுவது அரிது. ஊட்டியில் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் கோத்தகிரியோடு நின்று கொள்ளுங்கள், பசங்களுக்கு அங்கேயே தேயிலைத் தோட்டமும் கோடநாடு காட்சிமுனையும் கேத்தரின் அருவியும் இருக்கின்றன. ஏறும் முன் மேட்டுப்பாளையத்தில் டீசலையும் வண்டியின் தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக் கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை, செக்போஸ்டில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் குடம் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள், உமணர் வண்டியில் காடிப் பானை கட்டினார்களே, அந்த மாதிரி நன்றாகக் கயிறு போட்டுக் கட்டி.